கம்பிக்குக் கண் இல்லை



சென்ற விடுமுறையில் வெலிமடைப் பக்கம் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தேன். மச்சானுக்கு ஓடைக்கரையில் ஒரு மரக்கறித் தோட்டம். போஞ்சியும் உருளைக்கிழங்கும் போட்டிருக்கிறார். அதற்கு அப்பால் பற்றைக்காடு, அதற்கும் அப்பால் தேயிலை. சுபஹுக்குப் பிறகு குளிரோடு குளிராகத் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினோம். ஓடையைத் தாண்டப் போன என்னை மச்சான் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"காலப் பாத்து வைங்க மச்சான். அதுல கம்பி இரிக்கி."

குனிந்து பார்த்தேன். சைக்கிள் பிரேக் கம்பி. ஒரு முனை கொய்யா மரத்தடியில் கட்டப்பட்டிருந்தது. மறு முனை வட்டமாகச் சுருக்குப் போட்டு, பன்றி வரும் ஒற்றையடிப் பாதையில் புல்லோடு புல்லாக நின்றது. மச்சான் சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. பன்றிக்கும் தெரியாது. வேறு எதற்கும் தெரியாது.

நான் ஏதோ முகத்தைச் சுளித்திருக்க வேண்டும். மச்சான் ஒன்றும் பேசாமல் என்னை மேல் பாத்திக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். கிழங்குப் பாத்தி உழுது போட்ட மாதிரிக் கிடந்தது. "ஒரு ராவு வேல இது. விதைக்கிழங்கு கடனுக்கு எடுத்தது. புள்ளட டியூசன் காசு, ராத்தாட மருந்து, எல்லாம் இதுல இருந்துதான் வரணும். இப்ப சொல்லுங்க, கம்பி வைக்காம என்ன செய்ய?"

எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் அந்தக் கம்பியைக் கண்டதும் என் மனதில் வந்தது பன்றியல்ல, 2020 மே மாதம் நல்லதண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தை.

வாசகர்களுக்கு ஞாபகமிருக்கும். மஸ்கெலியாவுக்கு அப்பால், சிவனொளிபாத மலை அடிவாரத்தில் உள்ள ஊர் நல்லதண்ணி. அங்குள்ள தோட்டமொன்றின் மரக்கறிப் பாத்தியருகே பன்றிக்கு வைத்த கம்பியில் அந்தச் சிறுத்தை மாட்டிக் கொண்டது. இந்த நாட்டில் கருஞ்சிறுத்தை என்பது காணக் கிடைக்காத ஒன்று. முற்றாக அழிந்து போயிருக்கலாம் என்றுகூடப் பலர் எண்ணியிருந்த காலம். வனசீவராசிகள் அதிகாரிகள் மயக்க மருந்து செலுத்தி விடுவித்து உடவளவைக்குக் கொண்டு போனார்கள். கழுத்துக் காயம் கடுமையானது. மே 29ஆம் திகதி அது இறந்து போனது. கறுப்பாக இருந்தபடியால் பத்திரிகைகளில் படத்தோடு செய்தி வந்தது. மஞ்சளாக இருக்கும் சிறுத்தைகளும் மலையகத் தோட்டங்களில் இதே கம்பியில்தான் மாட்டுகின்றன. அவற்றுக்கு உள்பக்கத்தில் நாலு வரி.

கம்பி என்ன செய்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். ஆடு மாடு கயிற்றில் சிக்கினால் கொஞ்ச நேரத்தில் சோர்ந்து நின்றுவிடும். சிறுத்தை அப்படி நிற்காது. இழுக்கும், பாயும், மரத்தைச் சுற்றிச் சுற்றி வரும். அது இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகும். அதன் பலமே அதற்குப் பகை. பல சமயங்களில் சுருக்கு இடுப்பில் விழுகிறது. வெளியில் சின்னக் கீறல்தான் தெரியும், உள்ளே உறுப்புகள் நசுங்கியிருக்கும். "காப்பாற்றியாயிற்று" என்று செய்தி வந்த விலங்கு இரண்டு மூன்று நாள் கழித்துச் சாவது இதனால்தான். பல மணி நேரம் பயத்தோடு போராடிய தசைகள் தாமே சிதையத் தொடங்கி, அந்த நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்குவதும் உண்டு.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது, வேதனையான வேடிக்கை. காட்டுப் பன்றியைப் பிடித்துத் தின்பது சிறுத்தை. பன்றிக்கு வைத்த கம்பி பன்றியின் எதிரியைக் கொன்றுவிட்டு நிற்கிறது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கம். அதன்பின் பல தடவை திருத்தப்பட்டு, 2009இல் பெரிதாகத் திருத்தப்பட்டது. அதன்படி சிறுத்தையைக் கொல்வது பாரதூரமான குற்றம். காட்டுப் பன்றிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே கம்பி வைத்தவர் ஒவ்வொருவரும் சொல்வது ஒன்றுதான்: "நான் பன்றிக்குத்தான் வைத்தேன்." பெரும்பாலும் அது உண்மையும் கூட. சட்டம் விலங்கின் பெயரைப் பார்க்கிறது, கம்பிக்குப் பெயர் பார்க்கத் தெரியாது. ஒவ்வொரு சிறுத்தை சாகும்போதும் சட்டத்தை இறுக்க வேண்டும் என்ற குரல் எழுகிறது. எதை இறுக்குவது என்பதுதான் கேள்வி.

இதே கேள்வியோடு பிரித்தானியர்கள் நீண்ட காலம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அங்கு கம்பி வைப்பது நரிக்கு. துப்பாக்கி வேட்டைக்கென வளர்த்து விடும் பெசன்ட் பறவைகளை நரி தின்றுவிடுகிறதாம். 1981ஆம் ஆண்டுச் சட்டம் தானாகவே இறுகிக் கொண்டு போகும் சுருக்கைத் தடை செய்தது. மற்றச் சுருக்குகளை வைக்கலாம், ஆனால் தினமும் ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்றது. கேட்க நல்ல சட்டம். ஆனால் பற்றைக்குள் இருக்கும் கம்பியை இன்றைக்குப் பார்த்தாரா இல்லையா என்று யார் போய்ப் பார்ப்பது? நரிக்கு வைத்த கம்பியில் முயலும் பேட்ஜர் என்னும் வளைவாழ் விலங்கும் விழுந்து கொண்டேயிருந்தன. கடைசியில் வேல்ஸ் 2023 ஒக்டோபர் 17 முதல் சுருக்குக் கம்பியை முற்றாகத் தடை செய்தது. 2024இல் ஸ்கொட்லாந்தும் அவ்வாறே செய்தது. திருத்தியமைத்த கம்பிக்கு அனுமதிப்பத்திரமாவது தாருங்கள் என்று வேட்டைக் காவலர்கள் கேட்டார்கள், ஸ்கொட்லாந்து ஒப்பவில்லை. இங்கிலாந்திலும் தடை கொண்டு வருவதாக 2024 தேர்தலில் வென்ற தொழிற்கட்சி தன் விஞ்ஞாபனத்தில் வாக்களித்திருந்தது.

நிபந்தனை போட்டுப் பார்த்தும் சரிவராமல், கருவியையே தடுத்தார்கள். எனது அபிப்பிராயமும் அதுதான். எந்த விலங்குக்கு வைத்தாய் என்று கேட்பதை விட்டு, ஏன் வைத்தாய் என்று கேட்கும் சட்டம் வேண்டும்.

ஆனால் மச்சானின் கிழங்குப் பாத்தியை என்னால் மறக்க முடியவில்லை. அந்த நாட்டுக் காவலருக்கு நட்டம் சில பறவைகள். அதுவும் செல்வந்தர்கள் சுட்டு விளையாடுவதற்கு. இங்கே நட்டம் அடுத்த போகத்து விதை. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு நாடு முழுவதும் ஐந்து நிமிடம் குரங்கும் மயிலும் அணிலும் எண்ணினோமே, கமக்காரர் வயிற்றெரிச்சல் அந்த அளவுக்கு ஏறியிருக்கிறது. (பன்றியை அப்படி எண்ண முடியாது. அவர் வருவது நாம் தூங்கிய பிறகு.) வேலிக்கு உதவியும் அழிந்த பயிருக்கு நட்டஈடும் இல்லாமல் வெறும் தடையை மட்டும் கொண்டு வந்தால், ஓடைக்கரைக் கம்பி இன்னும் கொஞ்சம் உள்ளே, இன்னும் ஆழமான புல்லுக்குள் போகும். அல்லது கட்டுத்துவக்காக மாறும். அது மனிதன் காலையும் பிளக்கும். ஹக்க பட்டாஸ் என்ற வெடியைக் கடித்து வாய் சிதைந்த யானைகளையும் நாம் பார்த்துவிட்டோம்.

இன்னுமொன்று. சட்டம் எழுதுபவர்கள் இதை யோசிப்பதாகத் தெரியவில்லை. மச்சானிடம் கேட்டேன்: "ஒரு நாளைக்கு உங்க கம்பியிலேயே சிறுத்தை மாட்டினால் என்ன செய்வீர்கள்?" அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "சொன்னா மொதல்ல என்னத்தானே புடிப்பாங்க?"

சிக்கிய விலங்கின் உயிர் தங்கியிருப்பது மணித்தியாலங்களில். அதை முதலில் காண்பவர் கம்பி வைத்தவர், அல்லது காலையில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள். தண்டனையை எவ்வளவுக்குக் கூட்டுகிறோமோ அவ்வளவுக்கு அந்த வாய்கள் மூடிக் கொள்ளும். மாலை வரை யாரும் சொல்ல மாட்டார்கள், அதற்குள் கம்பி தன் வேலையை முடித்துவிடும். ஆகவே கம்பி வைப்பதற்குக் கடுமையான தண்டனை இருக்கட்டும். ஆனால் தானே முன்வந்து உடனே அறிவித்தவருக்கு, அது அவர் வைத்த கம்பியாகவே இருந்தாலும், பெரும் சலுகை சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். அதிகாரியின் தயவில் விடக் கூடாது. குற்றவாளி தப்பிவிடுவானே என்று சிலர் கோபிக்கலாம். தப்பட்டும். விலங்கும் தப்பும்.

மச்சான் அன்று பகல் ஓடைக்கரைக் கம்பியைக் கழற்றினார். மேல் பாத்திக் கம்பியைக் கழற்றவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, வற்புறுத்த எனக்கு உரிமை இருந்ததாகத் தோன்றவில்லை.

தோட்டப் பக்கம் வசிக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சிறுத்தையோ வேறு விலங்கோ கம்பியில் கிடக்கக் கண்டால் கிட்டப் போகாதீர்கள், அவிழ்க்க முயலாதீர்கள். பிள்ளைகளையும் நாய்களையும் தூர நிறுத்துங்கள். கூட்டம் கூடிக் கூச்சலிட்டால் அது இன்னும் இழுக்கும், சுருக்கு இன்னும் இறுகும். வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள்: தோட்டத்தின் பெயர், பிரிவு, எந்தப் பாதையால் வர வேண்டும் என்பது வரை.