ஒட்டுப்பாலும் ஓட்டைச் சாலையும்



சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை வேளை. எங்கள் பள்ளியை நோக்கி வரும் சாலையில் ஒரு தாய் மோட்டார் சைக்கிளோடு விழுந்தார். பின்னால் அமர்ந்திருந்த இரண்டாம் ஆண்டு மாணவிக்கு முழங்காலில் சிராய்ப்பு. தாய்க்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. "தண்ணி நெறஞ்சு கெடந்துச்சு டீச்சர், குழின்னே தெரியல" என்று வலியோடு சொன்னார். நாட்கூலிக்கு வேலை செய்பவர். ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தால் ஆறு வாரமும் வருமானம் இல்லை.

அந்தக் குழி எனக்குப் பழக்கமான குழி. ஆசிரியர்களுக்கு எதையும் குறித்து வைக்கும் நோய் உண்டல்லவா? என் பாடத் திட்டக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அக்குழியின் வரலாறு இருக்கிறது. முதன்முறை ஒட்டுப் போட்டபோது இருபத்து மூன்று நாள் தாங்கியது. இரண்டாவது ஒட்டு பதினொரு நாள். அதற்குப் பிறகுதான் அந்தத் தாய் விழுந்தார். இரண்டு முறையும் குழிக்குள் இருந்த தண்ணீரைக்கூட இறைக்காமல், மேலே கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போனதை என் கண்ணால் கண்டேன்.

'இந்தக் கலவை தாங்கும் என்று யாராவது சோதித்திருப்பார்களா?' என்ற கேள்வி அன்று எழுந்தது. தேடிப் படித்தபோது வியப்பே மிஞ்சியது. சோதனைகளுக்குக் குறைவே இல்லை!

சாலைக்கு ஊற்றும் கறுப்புப் பொருளை நாம் 'தார்' என்கிறோம். உண்மையில் தார் நிலக்கரியிலிருந்து எடுப்பது. இன்று சாலையில் இருப்பது கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் எஞ்சும் நிலக்கீல். (கீல் என்பது பழைய சொல். மரக்கலத்தின் பலகை இடுக்கில் நீர் புகாமல் பூசியதும் கீல்தான். நல்ல சொல்லை நாம் மறந்துவிட்டோம்.) இந்த நிலக்கீலின் கெட்டித்தன்மையை ஓர் ஊசியால் அளக்கிறார்கள். 25 பாகை வெப்பத்தில், 100 கிராம் எடையுள்ள ஊசி 5 விநாடியில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். நம் நாட்டுச் சாலைகளில் பயன்படும் '60/70' தர நிலக்கீல் என்றால், ஊசி ஆறு முதல் ஏழு மில்லிமீட்டர் வரை இறங்கும் என்று பொருள்.

கல்லும் நிலக்கீலும் கலந்த கலவைக்கு வேறு சோதனை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநில நெடுஞ்சாலைத் துறையில் பணியாற்றிய புரூஸ் மார்ஷல் என்பவர் 1939ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கிய முறை அது. கலவையை நான்கு அங்குல விட்டமுள்ள வட்டாக வார்த்து, கனத்த சம்மட்டியால் ஒவ்வொரு பக்கமும் 75 அடி அடித்து இறுக்குவார்கள். பிறகு 60 பாகை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, எவ்வளவு பளுவுக்கு உடைகிறது, உடையுமுன் எவ்வளவு நெளிகிறது என்று அளப்பார்கள். வெந்நீருக்கு அடியில் கலவைப் பாளத்தை வைத்து, அதன்மேல் ஒரு சக்கரத்தை இருபதாயிரம் தடவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கும் இயந்திரமும் உண்டு. சக்கரம் பதிந்த பள்ளத்தின் ஆழமே மதிப்பெண்.

ஆய்வுக்கூடத்தில் இவ்வளவு கண்டிப்பான தேர்வு எழுதும் பொருள், எங்கள் பள்ளிச் சாலையில் பதினொரு நாளில் தோற்றுப் போகிறது. ஏன்?

விடை தேடும்போதுதான் நம் ரப்பர் இந்தக் கதைக்குள் வந்தது. என் தாயார் தெலுக் இந்தான் வட்டாரத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்குப் போய், உளியோடு நிரையில் இறங்கி, வாளியில் பால் சுமந்தவர். வாளிப் பாலைச் சேர்த்த பிறகும் மங்கில் சொட்டுச் சொட்டாக வடிந்து தானே உறைவது ஒட்டுப்பால். நாற்றம் குடலைப் பிடுங்கும். விலையும் குறைவு. அந்த ஒட்டுப்பாலை நிலக்கீலில் கலந்து சாலை போடும் முறையை மலேசிய ரப்பர் வாரியமும் பொதுப்பணித் துறையும் கடந்த பத்தாண்டுகளில் முன்னெடுத்தன. 2016 முதல் 2018 வரை தோட்டத் தொழில் அமைச்சராக இருந்தவர் எங்கள் தெலுக் இந்தானின் அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் மா சியூ கியோங். ஆகவே ரப்பர் சாலைப் பேச்சு எங்கள் ஊர்க் காப்பிக் கடைகளில் கொஞ்சம் அதிகமாகவே அடிபட்டது. அம்மாவிடம் சொன்னேன். "நாய்கூட மோந்து பாக்காத ஒட்டுப்பாலுக்கு வந்த வாழ்வப் பாரேன்!" என்று சிரித்தார்.

சிரிப்புக்குரிய செய்தி அன்று அது. ரப்பர் என்பது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. சூடான நிலக்கீலில் இட்டால் அதிலுள்ள மெல்லிய எண்ணெய்களை உறிஞ்சி ஊதிப் பரவுகிறது. அதனால் நிலக்கீல் உச்சி வெயிலில் எளிதில் இளகுவதில்லை. பளு ஏறி இறங்கும்போது ஓரளவு மீண்டெழுகிறது. நிலக்கீலின் எடையில் சில விழுக்காடு ரப்பரே போதும். ஆனால் பக்குவம் வேண்டும். அதிகச் சூட்டில் அதிக நேரம் கிண்டினால் சங்கிலி அறுந்து, போட்ட ரப்பர் வீணாகும். நெய் காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். மரப்பாலை அப்படியே ஊற்றினால் அதிலுள்ள நீர், கொதிக்கும் நிலக்கீலில் பொங்கி நுரைக்கும். உறைந்த ஒட்டுப்பாலில் அந்தத் தொல்லை குறைவு.

இது புதுக் கண்டுபிடிப்பும் அன்று. 1988இல் கிள்ளான் வான்தூரன் சாலையைப் புதுப்பித்தபோது மரப்பால் கலந்த நிலக்கீலைப் பயன்படுத்தினார்கள். 1993இல் நெகிரி செம்பிலானின் ரெம்பாவ் – தம்பின் சாலையில் பழைய டயர்த் தூளையும் மரப்பாலையும் சோதித்தார்கள். அதாவது, உலகின் பெரும் ரப்பர் நாடாக இருந்தபோதே நம்மிடம் இந்த அறிவு இருந்தது. ஒரு சாலை, இரண்டு சாலை என்று சோதனையோடு நின்றுவிட்டோம். சாதாரண நிலக்கீலைவிட ரப்பர் கலவைக்குச் செலவு அதிகம் என்பதே எப்போதும் சொல்லப்படும் காரணம். இருமடங்கு காலம் உழைக்கும் காலணியை விலை கூடுதல் என்று விட்டுவிட்டு, ஆண்டுக்கு மூன்று சோடி மலிவுக் காலணி வாங்கும் கணக்கு இது.

இருந்தாலும் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அம்மாவின் ஒட்டுப்பாலே வந்தாலும் எங்கள் சாலை தப்பாது என்பதுதான் என் கருத்து. தெலுக் இந்தானுக்கு வருவோர் அனைவரும் சாய்ந்த கோபுரத்தின் முன் நின்று படம் எடுக்கிறார்கள். 1885இல் கட்டிய அக்கோபுரம் ஏன் சாய்ந்தது? உச்சியில் தண்ணீர்த் தொட்டியின் பளு, அடியில் மெத்து மெத்தென்ற மண். ஆற்று வண்டலும் களிமண்ணும் நிறைந்த அதே மண்ணின்மேல்தான் நம் சாலைகளும் கிடக்கின்றன. மேலே நாலு விரல்கடை நிலக்கீல் எவ்வளவு உயர்ந்த சரக்காக இருந்தாலும், அடித்தளம் அமிழ்ந்தால் அதுவும் விரிசல் விடும். விரிசலில் மழைநீர் இறங்கும். கல்லுக்கும் நிலக்கீலுக்கும் உள்ள பிடிப்பை நீர் கழற்றிவிடும்.

அடுத்தது பளு. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஒட்டாவா என்னும் ஊருக்கருகே 1958 முதல் 1960 வரை, சாலைகளை வளையம் வளையமாக அமைத்து, படைவீரர்களைக் கொண்டு இரவும் பகலும் லோரிகளை ஓட்டி ஒரு மாபெரும் சோதனை நடத்தினார்கள். அதன் முடிவை என் ஆறாம் ஆண்டு மாணாக்கரும் கணக்கிட்டு விட்டார்கள். அச்சின் பளு இருமடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் இருமடங்காகாது. ஏறத்தாழ நான்கு படி உயர்ந்து பதினாறு மடங்காகும். ஒன்றரை மடங்கு ஏற்றினால் ஐந்து மடங்கு. செம்பனைக் குலை பிதுங்கி வழிய எங்கள் சாலையில் ஓடும் லோரிகளைப் பார்த்த ஒரு மாணவன் கேட்டான்: "டீச்சர், அப்படீன்னா அம்மாவோட மோட்டாரால எவ்வளவு சேதம்?" பூச்சியத்துக்குப் பிறகு எத்தனை பூச்சியம் போடுவது என்று கரும்பலகையில் இடம் போதவில்லை. சேதம் செய்யாதவரே குழியில் விழுகிறார்!

தமிழ்நாட்டில் நடந்த ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன், கழிவு நெகிழியைத் துண்டாக்கி, சூடான சல்லிக்கல்மேல் தூவிப் பூச்சாகப் படியவைத்து, அதன்பின் நிலக்கீல் கலக்கும் முறையைக் கண்டார். பூச்சுள்ள கல்லில் நீர் எளிதில் புகாது. 2002இல் சென்னை ஜம்புலிங்கம் தெருவில் அத்தகைய சாலை போடப்பட்டது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நான் பெரிதாக மதிப்பது விருதை அன்று. சாலை போட்டுச் சில ஆண்டுகள் கழித்து, இந்தியாவின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அச்சாலைகளுக்கு மீண்டும் சென்று, மேடு பள்ளம் எவ்வளவு, பளுவுக்கு எவ்வளவு தாழ்கிறது, விரிசல் உண்டா என்று அளந்து 2008இல் அறிக்கையாக வெளியிட்டது. எவர் வேண்டுமானாலும் படிக்கலாம்.

நம்மிடம் இல்லாதது இதுதான். பொருளைச் சோதிக்கிறோம், போட்ட சாலையைச் சோதித்து மக்களிடம் சொல்வதில்லை. சாலை வேலை நடக்கும்போது அறிவிப்புப் பலகையில் குத்தகையாளர் பெயர் இருக்கிறது, செலவும் சில வேளை இருக்கிறது. எத்தனை ஆண்டு தாங்க வேண்டும் என்ற வரி இல்லை. அந்த வரியை எழுதினால் என்ன? மூன்று ஆண்டு என்று எழுதி மூன்று மாதத்தில் குழி விழுந்தால், தொகையைப் பிடித்தம் செய்தால் என்ன? ரப்பர் கலந்த சாலைகளையும் கலக்காத சாலைகளையும் ஆண்டுதோறும் அளந்து, மாவட்ட மன்றப் பலகையில் ஒட்டினால் என்ன? முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கே தேர்ச்சி அறிக்கை எழுதிப் பெற்றோரிடம் கையொப்பம் வாங்குகிறோம். பல இலட்சம் ரிங்கிட் சாலைக்கு ஏன் தேர்ச்சி அறிக்கை இல்லை?

இதை ஒரு கடிதமாக எழுதி, என் குறிப்பேட்டுப் பக்கத்தின் நகலோடு உரிய அலுவலகத்திற்கு அனுப்பினேன். கடிதம் கிடைத்தது என்று ஒரு வரிப் பதில் வந்தது. பத்து நாளில் ஆட்களும் வந்தார்கள். இம்முறை தண்ணீரை இறைத்தார்கள், குழியின் ஓரத்தைச் சதுரமாக வெட்டினார்கள், சிறிய உருளை இயந்திரத்தால் இறுக்கினார்கள். அவர்களுள் ஒருவர் தமிழர். "இப்பிடித்தான் எப்பவும் செய்யணும் டீச்சர், நேரம் குடுக்க மாட்டாங்க" என்றார்.

அந்தத் தாய் இப்போது மோட்டார் சைக்கிளை மறுபக்கச் சாலை வழியாக, பத்து நிமிடம் சுற்றி ஓட்டி வருகிறார். மூன்றாவது ஒட்டுக்கு இன்று நாற்பத்து இரண்டாம் நாள். நேற்று இரவும் நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தேன். வடக்கு ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். குறித்து வைத்திருக்கிறேன்.