முந்துவார் யார்?

பந்தயம் முடியுமுன்பே வெல்பவனின் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்னும் ஆசை மக்கள் மனத்தில் எக்காலத்தும் உள்ளது. சித்திரைப் புத்தாண்டையொட்டி நம் ஊர்களில் நடைபெறும் துவிச்சக்கர வண்டி ஓட்டத்தின்போது தெருவோரத்தில் நிற்பார் கேட்பதும், யூலை மாதத்தில் பிரான்சு நாட்டில் நடைபெறும் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தின் கடைசி நாளில் உலகத்துப் பத்திரிகைகள் கேட்பதும் ஒரே கேள்விதான்: முந்துவார் யார்? பெயரைச் சொல்லுதல் எளிது. அப்பெயருக்குக் காரணம் சொல்லுதலே அரிது. காரணமின்றிச் சொன்ன பெயர் பலித்துவிடினும் அது காகதாலீயமே. காகம் இருந்தது, பனம்பழம் விழுந்தது, அவ்வளவே.

அப்பந்தயம் மூன்று வாரங்களில் இருபத்தொரு கட்டங்களாக ஓடப்படுவது. முழுப் பந்தயத்தின் வெற்றியாளர் யார் என்பது பெரும்பாலும் மலைகளிலேயே தீர்ந்துவிடும். 1975 ஆம் ஆண்டு முதல் கடைசிக் கட்டம் பாரிஸ் நகரின் சாம்ஸ் எலிசே வீதியில் முடிவது வழக்கமாயிற்று. (2024 இல் ஒலிம்பிக் விழாவின் பொருட்டு நீஸ் நகருக்கு மாற்றப்பட்டது.) ஆகவே அந்நாளில் எஞ்சி நிற்பது அவ்வீதியின் இறுதி விரைவோட்டம் ஒன்றே.

இவ்விரைவோட்டத்தின் நுட்பத்தை வன்னி மண்ணிலுள்ளோர்க்கு விளக்குதல் கடினமன்று. 1990களில் எரிபொருட் கட்டுப்பாட்டினால் துவிச்சக்கர வண்டியே நமக்கு ஊர்தியும் சுமைவண்டியுமாய் இருந்தது. அதன் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்களும் நம்மிடையே உளர். சோளகம் வீசுங் காலத்தில் வவுனியாவிலிருந்து ஓமந்தைக்குப் போகிறவனைக் காற்று முதுகிற் கைவைத்துத் தள்ளும். திரும்பி வருகையில் அதே காற்று மார்பிற் கைவைத்துத் தடுக்கும். அப்பொழுது மாணவர்கள் என்ன செய்கின்றனர்? ஒருவன் பின் ஒருவனாக ஒட்டிக்கொண்டு வருகின்றனர். முன்னே செல்பவன் காற்றை உடைக்கிறான். பின்னே வருபவன் இளைப்பாறுகிறான். வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுவோர்க்கு முன்னே ஒரு முதுகு இருப்பதும் இல்லாததுமே வெற்றி தோல்வி. அதனால் விரைவோட்டக்காரர் கடைசி 200 மீற்றர் அளவும் தோழர் முதுகின் பின் மறைந்திருந்து, பின்னரே வெளிப்படுவர்.

2009 ஆம் ஆண்டு சாம்ஸ் எலிசேயில் மார்க் கவெண்டிஷ் வென்றார். அவருக்கு முன்னே காற்றை உடைத்துக் கொடுத்த மார்க் ரென்ஷா இரண்டாவதாக வந்தார்! 2012 இல் மஞ்சட் சட்டையணிந்து முழுப் பந்தயத்தையுமே வென்றுகொண்டிருந்த பிராட்லி விக்கின்ஸ், அதே கவெண்டிஷுக்காக முன்னே நின்று உழைத்தார். கவெண்டிஷ் அவ்வீதியில் 2009 முதல் 2012 வரை தொடர்ந்து நான்கு முறை வென்றமைக்கு அவர் கால்கள் மட்டுமே காரணம் என்பார் பந்தயத்தின் பாதியையே பார்த்தவர்.

நம் தருக்க நூலார் காட்சி, கருதல், உரை என்று அளவைகளை வகுத்தனர். பெயரைக் கேட்டு மயங்குவோர் உரையளவை ஒன்றையே பற்றி நிற்கின்றனர். அதுவும் ஆப்தர் உரையன்று, ஊரார் உரை. 2021 ஆம் ஆண்டு நிகழ்ந்ததை நோக்குக. கவெண்டிஷ் அவ்வாண்டு நான்கு கட்டங்களை வென்று, எடி மெர்க்ஸின் 34 வெற்றிகளோடு சமமாக நின்றார். முப்பத்தைந்தாவது வெற்றி பாரிஸில் என்பதே பலரின் எதிர்பார்ப்பு. வென்றவரோ வவுட் வான் ஆர்ட். யாஸ்பர் பிலிப்சன் இரண்டாவது, கவெண்டிஷ் மூன்றாவது. எனினும் வான் ஆர்ட் முந்தின நாளே தனியோட்டத்தில் வென்றவர். அதற்கு முன் வான்டூ மலையைக் கடந்த கட்டத்திலும் வென்றவர். மூன்று வாரத்தின் முடிவில் எவருடைய கால்களில் வலு எஞ்சியுள்ளது என்று கருதிப் பார்த்தவர்க்கு அப்பெயர் வியப்புத் தந்திராது.

இதனாற் கவெண்டிஷைச் சொன்னவர்கள் எல்லாரும் அறிவிலிகள் என்பதாகாது. நல்ல காரணங்காட்டிச் சொன்னவரின் கணிப்பு பொய்த்தபோதும் நல்ல கணிப்பே. பத்துப்பேர் வெல்லக்கூடிய ஓட்டத்தில் தலைசிறந்தவர்க்கும் பத்தில் மூன்று பங்கு வாய்ப்பிருந்தால் அதிகம். எஞ்சிய ஏழு பங்கு மற்றவர்க்குரியது. 'இவரே வெல்வார்' என்று அடித்துக் கூறுபவன் அவ்வேழு பங்கையும் விழுங்கிவிடுகிறான். 2023 இல் பிலிப்சன் நான்கு கட்டங்களை வென்று பாரிஸுக்கு வந்தார். முதன்முறை அப்பந்தயத்தில் ஓடிய ஜோர்டி மீயஸ் அவரை மயிரிழையில் முந்தினார். 2025 இலோ மொன்மார்த் மேட்டை மூன்று முறை ஏற வேண்டுமெனப் பாதையை மாற்றியதால், கூட்டமான விரைவோட்டமே நிகழாது போயிற்று. வான் ஆர்ட் தனியொருவராக வந்து வென்றார். அவ்வாண்டு பழைய பட்டியலைப் பார்த்து விரைவோட்டக்காரரின் பெயரைச் சொன்னவர், பாதையைப் பாராமலே பெயர் சொன்னவர் ஆவர்.

ஆசிரியத் தொழிலில் உள்ளோர்க்கு இது விளையாட்டுச் செய்தி மாத்திரமன்று. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்கும் மாதங்களிற் பெற்றோர் வந்து, "ஐயா, இம்முறை யார் யார் சித்தியடைவார்கள்?" என்று வினவுகின்றனர். சில ஆசிரியர்கள் பெயர்களையும் சொல்லிவிடுகின்றனர். வகுப்பிலேயே, பிள்ளைகள் கேட்கும்படியாக! பெயர் சொல்லப்பெற்ற பிள்ளை அன்றிரவு உறங்குவதில்லை. சொல்லப்பெறாத பிள்ளை அடுத்த நாள் கொப்பியைத் திறப்பதில்லை. பாரிஸில் ஓடுபவர்கள் தம்மைப் பற்றிய கணிப்புகளை வாசித்துச் சிரிக்கத் தக்க பெரியவர்கள். நம்முன் இருப்பதோ பத்து வயதுக் குழந்தை. "கணக்கில் வலிமை உண்டு, வாசிப்பில் இன்னும் பயிற்சி வேண்டும்" என்று காரணத்தைச் சொன்னால் பெற்றோர்க்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கும். பெயரைச் சொன்னால் என்ன கிடைக்கும்? அயலாரோடு பேச ஒரு பேச்சு, வேறில்லை. எந்தப் பிள்ளையின் முன்னே யார் காற்றை உடைத்துக் கொடுக்கிறார்கள், எந்தப் பிள்ளை எதிர்க்காற்றில் தனியே மிதிக்கிறது என்பதைப் பட்டியலில் எழுதுவோர் அரியர்.

கவெண்டிஷின் கதை பாரிஸில் முடிந்துவிடவில்லை. 2023 இல் விழுந்து காறை எலும்பு முறிந்து பந்தயத்தை விட்டு நீங்கினார். 2024 இல் மீண்டும் வந்தபோது அவருக்கு வயது 39. முதல் நாளிலேயே வெப்பந் தாங்காது வண்டியில் இருந்தபடியே வாந்தியெடுத்து, எல்லாருக்கும் பின்னே தோழர் துணையோடு வந்து சேர்ந்தார். அன்று மாலை அவர் பெயரைச் சொல்லியிருக்கக் கூடியவர் மிகச் சிலரே. நான்கு நாள் கழித்து, யூலை 3 ஆம் திகதி, சென் வுல்பாஸ் என்னும் சிற்றூரில் அந்த முப்பத்தைந்தாவது வெற்றியைப் பெற்றார். அன்றும் இரண்டாவதாக வந்தவர் பிலிப்சனே.