பிடுங்காதீர்கள், பழக்குங்கள்

"கொடுங்க, நான் பண்ணித் தரேன்."

வயதானவர்களுக்கு ஸ்மார்ட்போன் கைவராமல் போவதற்கு முதல் காரணம் இந்த ஒரு வாக்கியம்தான் என்று நான் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அன்பாகத்தான் சொல்கிறார்கள். மகன் சொல்கிறான், மருமகள் சொல்கிறாள், பேரன் சொல்கிறான், செல்போன் கடைப் பையனும் சொல்கிறான். சொல்லிக்கொண்டே போனைக் கையிலிருந்து வாங்கி, நாலு தட்டுத் தட்டி, "ஆச்சு, பார்த்தீங்கல்ல?" என்று திருப்பித் தருகிறார்கள். நாம் எதைப் பார்த்தோம்? அவர்கள் கட்டைவிரல் ஓடியதைப் பார்த்தோம். மறுநாள் அதே சந்தேகத்தைக் கேட்டால், "நேத்துதானே சொல்லிக் கொடுத்தேன்" என்று பதில் வரும். மூன்றாவது முறை நாம் கேட்பதில்லை. "வயசாச்சு, இனிமே நமக்கு எங்க வரப்போகுது" என்று போனை அலமாரியில் வைத்துவிடுகிறோம்.

வயசானால் வராது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் புதுக்கோட்டைக்காரன், பள்ளிக்கூட வாத்தியார். 1991-ல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது மாலை நேரங்களில் கிராமங்களுக்குப் போய்ப் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன். களையெடுத்துக் காய்த்துப்போன விரல்கள் முதலில் பென்சிலையே முறித்தன. அதே விரல்கள் சில மாதங்களில் கையெழுத்துப் போட்டன. அந்த இயக்கத்தோடு சேர்ந்தே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். அதுவரை பின்னால் கேரியரில் உட்கார்ந்து மட்டுமே போனவர்கள் அவர்கள். "நீ உட்காரு, நான் ஓட்டிக் காட்டறேன்" என்று சொல்லி யாராவது யாருக்காவது சைக்கிள் பழக்கியிருக்கிறார்களா? ஹேண்டில்பார் கற்றுக்கொள்பவர் கையில் இருக்கும். சொல்லிக்கொடுப்பவர் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவார். போனுக்கும் அதுதான் முறை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஆறேழு பேர் எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் போனோடு வருகிறார்கள். நான் வைத்திருக்கும் சட்டம் ஒன்றே ஒன்று: அவர்கள் போனை நான் தொடமாட்டேன். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் உட்காருவேன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம். அதை அவரவர் நோட்டில் அவரவர் வார்த்தையில் எழுத வேண்டும். ஒரு அக்கா, "மணி அடிச்சா பச்சையை மேலே தள்ளணும், அமுக்கக் கூடாது" என்று எழுதி வைத்திருக்கிறார். எந்தக் கம்பெனியின் கையேட்டிலும் இவ்வளவு தெளிவாக ஒரு வாக்கியத்தை நான் படித்ததில்லை.

"எத்தனை தடவை சொன்னாலும் தப்பாவே அமுக்கறாங்க" என்று அலுத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. வயதானால் தோல் உலர்ந்துவிடும். உலர்ந்த விரலைத் தொடுதிரை சரியாக உணராது. அதனால் நாம் அழுத்துகிறோம். அழுத்தினால் நேரம் கூடுகிறது. போனுக்குத் தட்டுவது ஒரு கட்டளை, அழுத்திப் பிடிப்பது வேறு கட்டளை. படம் இடம் மாறுகிறது, வாட்ஸ்அப் காணாமல் போகிறது, "போன் தானா அழிச்சிடுச்சு" என்கிறோம். நீங்கள் சிரிக்கிறீர்கள். ஆண்ட்ராய்டு போன்களின் செட்டிங்ஸில் அணுகல்தன்மை என்ற பகுதியில், எவ்வளவு நேரம் தொட்டால் அழுத்திப் பிடித்ததாகக் கொள்ள வேண்டும் என்பதைக் கூட்டி வைக்கலாம். எழுத்தைப் பெரிதாக்கலாம். திரை அணையும் நேரத்தை முப்பது விநாடியிலிருந்து இரண்டு நிமிடமாக்கலாம். இதையெல்லாம் ஒருமுறை செய்து வைக்கப் பத்து நிமிடம் ஆகாது. அதைச் செய்யாமல், உங்களுக்கு வேண்டாத, கண்ணாடி கீறிய, இடம் நிரம்பித் திணறும் பழைய போனை "அப்பாவுக்கு இது போதும்" என்று கொடுத்துவிட்டு, அப்பாவுக்கு வரவில்லை என்கிறீர்கள். கற்றுக்குட்டிக்குத்தான் ஐயா நல்ல சைக்கிள் வேண்டும். ஓட்டத் தெரிந்தவன் செயின் கழன்ற வண்டியையும் ஓட்டிவிடுவான்.

தமிழில் எழுதவும் வழி இருக்கிறது. கூகுள் விசைப்பலகையில் கையெழுத்து வசதியைச் சேர்த்துவிட்டால், சிலேட்டில் எழுதுவதுபோல விரலால் 'அ' என்று எழுதினால் 'அ' விழும். மைக்கைத் தொட்டுப் பேசினாலும் எழுத்தாகிவிடும். நாற்பது வருடம் தமிழில் கணக்கு எழுதிய மனுஷனை ஆங்கில எழுத்தில் 'வணக்கம்' அடிக்கச் சொல்லிப் படுத்துவானேன்?

இதில் என்ன பெரிய நஷ்டம், பிள்ளைகள்தான் பார்த்துக்கொள்கிறார்களே என்று கேட்பீர்கள். நஷ்டம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. வங்கிச் செய்திகள் மகன் போனுக்குப் போகின்றன. தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை அவர் மகனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மகன் நல்லவன்தான். ஆனாலும் பேத்திக்கு ஐந்நூறு ரூபாய் கொடுக்கக்கூட அவர் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. கணவர் இருந்தவரை பாஸ்புத்தகத்தைத் தானே எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய் வந்தவர் அவர். 2021 நவம்பரிலிருந்து முகத்தைக் காட்டியே உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கும் வசதி போனில் வந்திருக்கிறது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லக்கூட இன்னொருவர் கட்டைவிரலை எதிர்பார்க்க வேண்டுமென்றால் அதற்குப் பெயர் பராமரிப்பா?

"சொல்லிக் கொடுத்தா ஏமாந்துடுவாங்க, பணம் போயிடும்" என்கிறார்கள். பயம் நியாயமானது. ஆனால் தெரியாதவரைத்தானே திருடன் தேடுகிறான்? பேசமட்டும் தெரிந்த சாதாரண போன் வைத்திருப்பவரையும் அவன் கூப்பிடுகிறான். ஆகவே எதைத் தொடுவது என்பதற்கு முன்னால் எதைச் சொல்லக்கூடாது என்பதைச் சொல்லிக்கொடுங்கள். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. நமக்குப் பணம் வருவதற்கு நம் ரகசிய எண்ணைப் போட வேண்டியதே இல்லை. போடச் சொன்னால் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். நம் சட்டத்தில் 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று கிடையாது. வீடியோவில் காக்கிச் சட்டை தெரிந்தால் போனை வைத்துவிடலாம், மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பணம் போய்விட்டால் உடனே 1930 எண்ணுக்குப் பேச வேண்டும். வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம். திண்ணையில் நான் பணம் அனுப்புவதைக் கடைசிப் பாடமாகத்தான் வைத்திருக்கிறேன். அதற்கும் தனியாக ஒரு கணக்கு, அதில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் வேண்டாம் என்பது என் யோசனை.

பிள்ளைகளுக்கு நேரமில்லை என்பதும் உண்மை. வேலை, பயணம், குழந்தைகள் படிப்பு எல்லாம் எனக்கும் தெரியும். ஒவ்வொரு மாதமும் கரண்ட் பில் கட்டிக்கொடுக்க ஆகும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். நாலு ஞாயிறு அரைமணி நேரம் பொறுமையாக உட்கார்ந்தால் அந்த வேலையே உங்களுக்கு இருக்காது.

ஆன்லைனில் பண்ணுங்க என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரே வரியில் அனுப்பிவிடும் அலுவலகங்களுக்கும் ஒரு வார்த்தை. கவுன்டரை மூடுவதற்கு முன்னால், ஒரு நாற்காலி போட்டு, வாரத்தில் ஒருநாள் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளை உட்கார வையுங்கள். கோடு போடத் தெரியாதவன் கையில் காகிதத்தைக் கொடுத்துவிட்டு, படம் வரையவில்லை என்று திட்டுவது எந்த ஊர் நியாயம்?

கடைசியாக என் வயதுக்காரர்களுக்கு. "எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க, என் பையன் பார்த்துக்குவான்" என்று பெருமையாகச் சொல்வதை நிறுத்துங்கள். அது பெருமையில்லை. போன் தப்பாக அமுக்கினால் வெடித்துவிடாது. நடுவில் இருக்கும் வட்டத்தைத் தொட்டாலோ கோட்டை மேலே தள்ளினாலோ முதல் பக்கத்துக்கு வந்துவிடலாம். யாராவது போனை வாங்கக் கை நீட்டினால், கொடுக்காதீர்கள். "நீ சொல்லு, நான் பண்றேன்" என்று சொல்லுங்கள். இரண்டு முறை சொன்னால் அவர்களுக்கும் பழகிவிடும்.

புதுக்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் வரலாம். நோட்டும் பேனாவும் கொண்டுவாருங்கள். காபி உண்டு.