காசு கொடுத்த பாட்டுக்குப் பூட்டு! சாவி எங்கே?

திருடியவன் வீட்டில் பாட்டு ஜோராகப் பாடுகிறது. காசு கொடுத்து வாங்கியவன் வீட்டில் பெட்டி ஊமையாகக் கிடக்கிறது! இந்த அநியாயம் நடந்தது அமெரிக்காவில்.

2004-ம் ஆண்டு மைக்ரோசாப்ட் கம்பெனி 'பிளேஸ் பார் ஷ்யூர்' என்று ஒரு முத்திரை கொண்டு வந்தது. 'நிச்சயமாகப் பாடும்' என்று அர்த்தம். முத்திரை உள்ள கடையில் பாட்டு வாங்கு, முத்திரை உள்ள எந்தக் கையடக்கப் பெட்டியிலும் கேள் என்றார்கள். ஜனங்கள் நம்பினார்கள். கம்பெனியின் சொந்தக் கடையான எம்.எஸ்.என். மியூசிக்கில் பாட்டு ஒன்றுக்கு 99 சென்ட் கொடுத்தார்கள்.

2006 நவம்பரில் அதே கம்பெனி 'ஸூன்' என்ற புதுப் பெட்டியை இறக்கியது. தன் கடையில் தானே விற்ற பாட்டு, தன் பெட்டியிலேயே பாடவில்லை! கடையில் விற்பனையும் நின்றது.

பூட்டின் சூட்சுமம் இதுதான். பாட்டு வேறு, சாவி வேறு. சாவிக்கு லைசென்சு என்று பெயர். பாட்டை எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் சாவி அந்த ஒரு கம்ப்யூட்டருக்குத்தான் பொருந்தும். புது கம்ப்யூட்டர் வாங்கினால், கடைக்காரன் மறுபடி சாவி தர வேண்டும்.

2008 ஏப்ரலில் வந்தது நோட்டீசு. 'ஆகஸ்டு 31-க்குப் பிறகு புதுச் சாவி கிடையாது!' ஜனங்கள் கூச்சல் போட்டதும் 2011 முடிய கெடு கொடுத்தார்கள். அந்தக் கெடுவும் தீர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது.

பெட்டி மக்கர் செய்தால்...

அப்படிப்பட்ட பெட்டி வைத்திருப்பவர்கள் அவசரப்பட்டுக் காயலான் கடைக்குப் போட வேண்டாம். பாட்டை மட்டும் இழுத்துப் போட்டால் சாவி கூட வராது. முதலில் பாட்டு வாங்கிய அதே கம்ப்யூட்டரில், விண்டோஸ் மீடியா பிளேயர் மூலமாகவே ஏற்றிப் பாருங்கள். பெட்டியின் தேதி, மணி சரிதானா என்றும் பார்க்க வேண்டும். மாதச் சந்தா பாட்டுகள், கடிகாரம் தப்பினாலே 'கெடு முடிந்தது' என்று அடம் பிடித்தன.

பழைய கம்ப்யூட்டரைத் துடைத்துப் புதுசாக்கினீர்களோ, சாவி அதோடு போச்சு! அது உயிரோடு இருக்கும்போதே, காசு கொடுத்து வாங்கிய பாட்டுகளை சாதாரண ஆடியோ சி.டி.யில் பதிந்துகொள்வதே புத்திசாலித்தனம். சி.டி.க்குப் பூட்டு கிடையாது.

யார் பொறுப்பு?

2008-ல் யாகூ பாட்டுக்கடை மூடியது. கண்டனம் எழுந்த பிறகுதான் நஷ்ட ஈடு பேசினார்கள். 2009-ல் ஆப்பிள் கம்பெனி பூட்டை எடுத்தது. ஆனால் ஏற்கெனவே வாங்கிய பாட்டின் பூட்டைத் திறக்கப் பாட்டுக்கு 30 சென்ட் கேட்டது! பூட்டியதும் அவர்கள், திறக்கக் கூலி கேட்டதும் அவர்கள்.

பாட்டுக்கு வந்த பூட்டு இன்று சினிமாவிலும் புத்தகத்திலும் தொங்குகிறது. கடையை மூடுகிறவன் பூட்டைத் திறந்துவிட்டுப் போக வேண்டும். இல்லையேல் காசைத் திருப்பித் தர வேண்டும். இதைச் சட்டமாகவே போட வேண்டும். விற்றேன் என்று சொல்லிக் காசு வாங்கிவிட்டு, வாடகைக்கு விட்டேன் என்று கையை விரிப்பது என்ன வியாபாரம்?