பனியை யார் பெயரில் பத்திரம் பண்ணுவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பேப்பரைக் கையில் எடுத்தால், முதல் பக்கத்துக்கு முன்னால் இன்னொரு முதல் பக்கம் இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொடைக்கானலில் சொகுசு வில்லா விற்கிறார்கள். எத்தனை சதுர அடி, என்ன விலை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. பதிலுக்கு ஒரு கதை இருக்கும். சாய்வு நாற்காலியில் ஒரு தாத்தா, தோளில் கம்பளிச் சால்வை. கணப்பில் விறகு எரிகிறது. ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஈரத்தில் பேத்தி விரலால் தன் பெயரை எழுதுகிறாள். வெளியே மேகம் வந்து கதவைத் தட்டுகிறது. கீழே போன் நம்பர்.

விளம்பர உலகில் இதற்கு ஸ்டோரி டெல்லிங் என்று பெயர். வீட்டை விற்காதே, வாழ்க்கையை விற்றுவிடு என்பதுதான் அங்கே பாலபாடம். கதை சொல்கிறவர்கள் மீது எனக்கு விரோதம் இல்லை. பத்தி எழுதிப் பிழைக்கிற நானும் அந்தக் கோஷ்டிதான். கத்திரிக்காய் விற்கிற அம்மாகூட "இப்பத்தான் பறிச்சது சாமி" என்கிறார். நாமும் சிரித்துக்கொண்டே வாங்கி வருகிறோம். என் சண்டை வேறு.

2016-ல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன் 12-வது பிரிவு நம்மைப் போன்றவர்களுக்காகவே எழுதியது. விளம்பரத்தில் இருக்கும் தவறான தகவலை நம்பி அட்வான்ஸ் கொடுத்து நஷ்டப்பட்டால், பில்டர் நஷ்டஈடு தர வேண்டும். வேண்டாம் என்று விலகினால் கட்டிய பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும். "24 மணி நேரமும் தண்ணீர்" என்று அச்சடித்துவிட்டு வாரம் ஒரு லாரி அனுப்பினால், மாட்டிக்கொள்வார். சரி, "ஓடையின் சங்கீதம் உங்களைத் தாலாட்டும்" என்று அச்சடித்தால்? எந்த ஓடை? எந்த மாதத்தில்? தாலாட்டவில்லை என்று எந்த ஆணையத்தில் போய் மனு கொடுப்பீர்கள்?

விஷயம் இவ்வளவுதான். தகவல் சொன்னால் பொறுப்பு வரும். கதை சொன்னால் வராது. அதனால்தான் சொல்ல வேண்டிய தகவல் எவ்வளவு சங்கடமானதோ, அவ்வளவு அழகான கதை வருகிறது.

கொடைக்கானல் கதையில் வருகிற சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்களேன். "காலம் காலமாக இருக்கும் ஏரி" என்பார்கள். அது 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடைகளை மறித்து உண்டாக்கியது. பைன் மரக் காடு வெள்ளைக்காரர்கள் காலத்தில் நட்டது. நம் மலைக்குச் சொந்தமான காடு சோலைக்காடு. பள்ளத்தில் அடர்ந்த குள்ள மரங்கள், மேட்டில் புல்வெளி. மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் சொட்டுச் சொட்டாகக் கீழே விடுவது அதுதான். அந்தப் புல்மேடு எந்த விளம்பரத்திலும் வராது. வந்தால் அதன் மேல் ஒரு வில்லா உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் குறிஞ்சி. வில்லாவுக்கு அந்தப் பெயர் வைக்காவிட்டால் விற்காது போலிருக்கிறது. 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, இனி 2030. குறிஞ்சி போல உங்கள் மகிழ்ச்சி மலரும் என்று எழுதுகிறவருக்கு இந்தக் கணக்கு தெரியுமா? பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையா சந்தோஷமாக இருப்பது!

கதையில் இன்னொன்றும் கவனியுங்கள். தாத்தா, பேத்தி தவிர மலையில் ஆளே கிடையாது. பழனி மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் பளியர்கள் இல்லை. குடத்தோடு காத்திருக்கும் ஊர்க்காரப் பெண்கள் இல்லை. இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. நீலகிரியில் 1820களில் ஜான் சல்லிவன் வீடு கட்டிக் குடியேறி, ஐரோப்பா மாதிரி சீதோஷ்ணம் என்று புகழ்ந்த நாளிலிருந்தே மலை வாசஸ்தலக் கதை இப்படித்தான், ஆளில்லாத சொர்க்கமாகச் சொல்லப்படுகிறது. சல்லிவனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தோடர்களுக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டு என்று சர்க்காரோடு வாதாடியவரும் அவர்தான். இன்றைய பிரோஷர்காரர்களிடம் அந்தச் சங்கோஜமும் இல்லை.

"சார், வாங்குறவங்க கோடீஸ்வரங்க. அவங்க ஏமாந்தா உங்களுக்கு என்ன?" என்று ஒரு நண்பர் கேட்டார். எனக்கு ஒன்றுமில்லைதான். மஞ்சளாறு அணைக்கும் பழனிப் பக்கம் வரதமாநதி அணைக்கும் வருகிற தண்ணீர் இந்த மலையில் ஊறுவது. மலையில் ஒரு மேட்டை வெட்டிச் சமமாக்கினால், கீழே ஒரு விவசாயியின் வாய்க்காலில் தெரியும். வருஷத்தில் பதினோரு மாதம் பூட்டிக் கிடக்கப்போகிற வீட்டுக்காக!

விதி இல்லையா? இருக்கிறது. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் 1990-லேயே வந்துவிட்டது. பிளசன்ட் ஸ்டே ஓட்டலின் கூடுதல் மாடிகள் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனதும், அதில் விதியைத் தளர்த்தியதாக ஜெயலலிதா 2000-ல் தண்டிக்கப்பட்டு 2001-ல் மேல்முறையீட்டில் விடுதலையானதும் உங்களுக்கு ஞாபகமிருக்கும். மலை இதற்கு மேல் தாங்காது என்பது நீதிமன்றத்துக்கே தெரிந்துவிட்டது. 2024 மே மாதம் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலிலிருந்து கொடைக்கானலுக்குச் சாதாரண நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று ஐகோர்ட் உச்சவரம்பு வைத்தது. விளம்பரத்திலோ, "தோன்றினால் கிளம்புங்கள், மலை காத்திருக்கிறது!"

நீங்கள் வாங்குகிற உத்தேசத்தில் இருந்தால், சேல்ஸ் மேனேஜரிடம் சண்டை எல்லாம் போடாதீர்கள். பாவம், மாசச் சம்பளக்காரர். ஓடை, மேகம், தாலாட்டு எல்லாவற்றையும் வரி மாறாமல் விற்பனை ஒப்பந்தத்தில் சேர்த்துத் தரச் சொல்லுங்கள், போதும். "அது வந்து சார், சும்மா ஒரு ஃபீலுக்காக..." என்பார்.

விளம்பரத்தில் பதிவு எண் போட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. தாத்தாவின் சால்வை ஓரத்தில் எறும்பு சைஸில் இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் ஆணையத்தின் இணையதளத்தில் தட்டிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் இன்னொரு சமாசாரம். எட்டு வீட்டுக்கு மேற்படாத திட்டத்துக்குப் பதிவே தேவையில்லை. "ரசனை மிக்க எட்டே எட்டு குடும்பங்களுக்கு மட்டும்" என்ற வரி கண்ணில் பட்டால், அந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு இப்போது தெரியும்.