வந்தவனுக்கு என்ன பெயர்?

"பட்டாளத்துக்குப் போனான்" என்பது நம் ஊர்ப் பேச்சு. "பென்ஷனோடு வந்தான்" என்பதும் நம் ஊர்ப் பேச்சு. போனதற்கும் வந்ததற்கும் இடையிலே குறைந்தது 15 ஆண்டு வெயிலும் பனியும் உண்டு. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை 'இராணுவப்பேட்டை' என்றே அழைக்கிறார்கள். பட்டாளத்தார் வீடு என்றால் கடைத்தெருவிலே மதிப்பு. பெண் கேட்கப் போன இடத்திலும் மதிப்பு!

படைக்குச் சொல்லின்றித் தவித்தவர்களல்லர் தமிழர். வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை என்று போருக்குப் பூவின் பெயர் சூட்டிற்று தொல்காப்பியம். களத்திலே வீழ்ந்தவனுக்குக் கல் நடவும், காட்சி முதல் வாழ்த்து வரை ஆறு துறை வகுத்தது.

2022 ஜூன் 14ஆம் நாள் டில்லி புதுப்பெயர் அறிவித்தது: அக்னிபத்! அதிலே சேருபவன் அக்னிவீர். காஞ்சித் தறிக்காரர் மகனுக்கும் அதே வடமொழிப் பெயர்தான். பெயரோடு மட்டுமா நமக்குப் பிணக்கு? இல்லை. பெயருக்குள்ளே இருப்பதைப் பாருங்கள்.

பதினேழரை முதல் 21 வயது வரை சேரலாம் என்றது அந்த அறிவிப்பு. நான்கே ஆண்டு! பிறகு நூற்றுக்கு 25 பேர் வரைதான் படையிலே நீடிக்கலாம்; மற்றவர் வெளியே. கையிலே 'சேவா நிதி' ஏறத்தாழ 11 இலட்சத்து 71 ஆயிரம் ரூபாய். வட்டி நீங்கலாக அதிலே பாதி அவன் சம்பளத்திலே பிடித்த பணம். பென்ஷன் இல்லை. கிராஜுவிட்டி இல்லை. 'முன்னாள் படைவீரர்' என்ற தகுதியும் இல்லை என்றது அந்தத் திட்டம்!

படையை இளமையாக்குகிறோம் என்கிறார்கள். ஆகட்டும். வெளியே வந்த இளைஞனை என்னவென்று அழைப்பது? ஓய்வு பெற்றார் என்பதா? இருபத்தைந்து வயதிலா ஓய்வு? விலக்கப்பட்டார் என்பதா? என்ன குற்றம் செய்தார்? முன்னாள் படைவீரர் என்பதா? திட்டம் இடங்கொடுக்கவில்லை!

வேறு வேலையிலே ஒதுக்கீடு தருவோம் என்கிறார்கள். நல்லது, கிடைக்காதவன் கதி?

காஞ்சியிலே பாவு ஏற்றி, கரையைக் கோர்வையிலே இணைத்து, முந்தி முடித்து அறுத்தால் அது சேலை. நாலு முழத்திலே அறுக்க நேர்ந்தாலும் துண்டு என்று பெயர் சொல்லி விலை வைப்போம். பெயரில்லாமல் தெருவிலே எறிய மாட்டோம். நூலுக்குள்ள நியாயம் ஆளுக்கு இல்லையா?

நாம் கேட்பது சலுகையல்ல. நாலாண்டு துப்பாக்கி ஏந்தியவனும் முன்னாள் படைவீரன்தான். அந்தச் சொல்லைக் கொடு. அதனோடு வரும் மருத்துவ உதவியையும் வேலை உரிமையையும் கொடு!

தோழர்களே! திரும்பி வரும் பிள்ளையை முதலில் நம் தெரு அப்படி அழைக்கட்டும். டில்லி கேட்டுக் கற்றுக்கொள்ளட்டும்.