ஆடுவோரை அறிந்து அமைக்கும் கதை

சமைப்பவர் தம் நாவின் சுவையை மட்டுமே நம்பிச் சமைப்பாராயின், விருந்தினர் இலையிற் பாதி எஞ்சும். மேசையைச் சுற்றியமர்ந்து ஆடும் கதை விளையாட்டுக்கும் இது பொருந்தும் என்போம்.

1974 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கிய ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ வெளிவந்தது. இவ்வகை விளையாட்டுக்கு அதுவே வழிகாட்டி. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் வீரன், மந்திரவாதி எனப் பாத்திரங்களை ஏற்றுத் தாம் செய்வதை வாயாற் கூறுவர். செய்கை பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். ஒரே கதை வாரந்தோறும் தொடர்ந்து ஆண்டுக்கணக்கில் நீள்வதும் உண்டு.

கதை நடத்துபவர் பல இரவுகள் கண்விழித்து இராச்சியங்களின் வரலாற்றை எழுதி வைக்கின்றார். ஆடுவோரோ வழியிற் கண்ட சத்திரக்காரனோடு உரையாடுவதிலேயே இன்புறுகின்றனர். அவர் அவர்களைத் தம் பாதைக்கு இழுக்கின்றார். சில வாரங்களில் ஒருவர் வருவதில்லை. பின்னர் மற்றொருவரும் வருவதில்லை. பண்பின் பொருட்டு எவரும் குறை கூறார். குலைவது ஆட்டம் மட்டுமன்று. நண்பர்கள் கூடும் மாலைப்பொழுதும் அன்றோ!

இதற்கு மருந்து கணினித் துறையிற் கிடைக்கின்றது. 1985 இல் ஜோன் கூல்ட், கிளேட்டன் லூயிஸ் என்னும் ஆய்வாளர்கள், கருவிகளை அமைப்போர்க்கு மூன்று நெறிகளை வற்புறுத்தினர். பயன்படுத்துவோரைத் தொடக்கத்திலேயே அறிதல்; அவர்கள் பயன்படுத்துவதைக் கண்டு அளத்தல்; மீண்டும் மீண்டும் திருத்துதல் என்பனவே அவை.

கதை தொடங்குமுன் ஒரு மாலை கூடிப் பேசுதல் நன்று. “என்ன வேண்டும்?” என்று கேட்டால், “எதுவாயினும் சரி” என்பதே விடையாகும். “முன்பு ஆடியவற்றுள் எக்கட்டம் இன்னும் நினைவில் நிற்கின்றது?” என்று கேட்டால் மனம் திறக்கும். எவை வேண்டா என்பதையும் கேட்டல் வேண்டும். அண்மையில் தாயை இழந்தவர்க்கு மரணப்படுக்கைக் காட்சி விளையாட்டாகுமா?

ஆடும்போது யார் ஆவலோடு முன்சாய்கின்றார், யார் கைத்தொலைபேசியை எடுக்கின்றார் என்று கவனித்தலே அளவீடு. அடுத்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் ஆயத்தம் செய்து, அப்பாலுள்ளதைத் திறந்து வைத்தலே திருத்தத்துக்கு இடமளிப்பது. மேற்கூறிய விளையாட்டின் பதிப்பாளர்களும் 2012 இல் வரைவு விதிகளைப் பொதுமக்களிடம் கொடுத்து, ஆடச்செய்து, கருத்தறிந்து, அதன்பின்னரே 2014 இல் ஐந்தாம் பதிப்பை வெளியிட்டனர்.

இவ்வாறாயின் நடத்துபவர் வெறும் ஏவலாளர் ஆகிவிடாரோ எனச் சிலர் ஐயுறலாம். ஆகார். கேட்டதையெல்லாம் கொடுத்தலன்று இம்முறை. கேட்க நாணுவதையும் உணர்ந்துகொள்ளுதலே இம்முறை. வியப்பும் திருப்பமும் என்றும் அவர் கையிலேயே உள்ளன. மேலும், அவரும் அம்மேசையில் அமர்ந்திருப்பவரே. அவர் சலிப்புற்றாலும் கதை நில்லாது.

ஆதலின், கதை நடத்த முற்படும் இளைஞர்க்கு நாம் கூறுவது இதுவே: வரைபடத்தை விரிக்குமுன், எதிரே இருப்போரின் முகங்களைப் பாருங்கள். அங்கே வாய் திறவாதிருப்பவர் ஒருவர் இருப்பின், அடுத்த வாரக் கதையை அவரிடமிருந்தே தொடங்குங்கள்.